விடை சொல்லும் கருவியும் வழி மறிக்கும் கருவியும்

கணித வகுப்பில் கணினி நுழைந்தால் மாணவரின் மூளை மழுங்கிவிடும் என்ற கருத்து ஆசிரியர்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. கால்குலேட்டர் வந்தபோது எழுந்த குரல் இது. நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள்கள் பல்கலைக்கழக வகுப்பறை வரை வந்துவிட்ட இன்று இன்னும் உரக்கக் கேட்கிறது. பெருக்கலையும் வகுத்தலையும் இயந்திரத்திடம் விட்டாலும் போகட்டும், நிரூபணத்தையும் விட்டுவிட்டால் கணிதத்தில் மாணவருக்கு மிஞ்சுவது என்ன என்று அந்தக் குரல் கேட்கிறது.

கேள்வி நியாயமானது. அதன் பின்னால் நிற்கும் வாதங்களையும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நிரூபணம் எழுதுவது மாணவர் தானே தடுமாறி, தானே வழி கண்டு பெறும் பயிற்சி. அதில் பாதியை இயந்திரம் செய்தால் பயிற்சியும் பாதியாகும். ஒரு தேற்றம் உண்மை என்று இயந்திரம் சொல்லும், ஏன் உண்மை என்று சொல்லாது. மென்பொருளின் இலக்கணத்தைப் படிப்பதில் போகும் நேரம் கணிதத்திலிருந்து கழிகிற நேரம். கணிதத்தின் உயிர் கருத்துகளில் இருக்கிறது. அரைப்புள்ளி, அடைப்புக்குறி வரை சோதிக்கும் கறார்த்தனம் அந்த உயிரை நசுக்கும். இத்தனை நூற்றாண்டுகள் தாளும் பேனாவும் போதுமாக இருந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு பரவிய பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: நிரூபணத்தையே இயந்திரம் எழுதித் தரும் காலத்தில் வகுப்பறையையாவது இயந்திரம் தீண்டாத இடமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த வாதங்களில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை பெரும்பாலும் வேறொரு கருவியைப் பற்றியது.

கணினி என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் குறைந்தது நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மேப்பிள், மேத்தமேட்டிக்கா போன்றவை கணக்கிடுகின்றன. ஒரு தொகையீட்டைக் கொடுத்தால் விடை வரும், வந்த வழி பெரும்பாலும் தெரியாது. ஜியோஜீப்ரா வரைகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்டர் முதுகலை ஆய்வேட்டுக்காக 2001-இல் தொடங்கிய அந்த மென்பொருளில், வரைந்த முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தால் உருவம் முழுவதும் விதி மாறாமல் கூடவே நகரும். மூன்றாவது வகை தானாகவே நிரூபணம் தேடுகிறது. 1956-இல் நியூவெல், ஷா, சைமன் மூவரும் ஆக்கிய லாஜிக் தியரிஸ்ட், ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய பிரின்சிபியா மேத்தமேட்டிக்காவின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38-ஐ நிரூபித்தது. 1930-களிலிருந்து யாருக்கும் பிடிகொடுக்காதிருந்த ராபின்ஸ் ஊகத்தை 1996-இல் வில்லியம் மெக்கூனின் நிரல் தீர்த்துவைத்தது.

நான்காவது வகை சரிபார்ப்பது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டி புருய்ன் 1967-இல் தொடங்கிய ஆட்டோமேத் இதன் மூதாதை. போலந்தில் ஆண்ட்ரே ட்ரிபுலெக் 1973-இல் தொடங்கிய மிசார், பிறகு காக், இசபெல், 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் லியோனார்டோ டி மௌரா தொடங்கிய லீன் என்று இதன் வம்சம் நீள்கிறது. இவற்றின் அடிப்படை வேலை நிரூபணத்தை எழுதித் தருவதல்ல. மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரிகளிலிருந்து உண்மையில் கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடும். விடை சொல்லும் கருவி செய்யும் கெடுதலை வழி மறிக்கும் கருவியின் தலையில் கட்டியதில்தான் மேற்படி கருத்து சறுக்குகிறது.

1. மாணவருக்குப் பதிலாக இயந்திரம் சிந்திக்கிறதா?

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எண்கோட்பாட்டுப் பேராசிரியரான கெவின் பஸ்ஸர்ட், இளங்கலை மாணவர்களுக்கு லீன் கற்பிக்க 2017-இல் ஜீனா திட்டத்தைத் தொடங்கினார். 2019-இல் அவரும் முகம்மது பெத்ராம்ஃபரும் சேர்ந்து இயல் எண் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். இணைய உலாவியிலேயே ஆடலாம். அதன் தொடக்கத்தில் மாணவர் கையில் இருப்பது மிகக் குறைவு. பூச்சியம் என்ற எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண் உண்டு. கூட்டலுக்கு இரண்டு விதிகள். க + 0 = க என்பது முதல் விதி. க-வுடன் ச-வின் அடுத்த எண்ணைக் கூட்டினால், க + ச என்பதன் அடுத்த எண் வரும் என்பது இரண்டாவது. இவற்றை வைத்துக்கொண்டு 0 + க = க என்று நிறுவ வேண்டும்.

இதில் நிறுவ என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். க + 0 = க தெரியுமே, வரிசையை மாற்றினால் ஆயிற்று. மென்பொருள் ஒப்புக்கொள்ளாது. வரிசையை மாற்றலாம் என்பது பரிமாற்று விதி. அது இன்னும் நிறுவப்படவில்லை, பயன்படுத்தக் கூடியவற்றின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. சிறிது நேரம் முட்டி மோதிய பிறகு மாணவர் கணிதத் தொகுத்தறிதலுக்கு வருகிறார். அந்தக் கட்டளையைக் கொடுத்ததும் திரையில் இருந்த ஒரு குறிக்கோள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, 0 + 0 = 0. அது முதல் விதியிலேயே முடிந்துவிடும். மற்றதில், 0 + ச = ச என்ற கருதுகோள் தனி வரியாக, தனிப் பெயரோடு மேலே நிற்கிறது; ச-வின் அடுத்த எண்ணுக்கும் அது பொருந்தும் என்று கீழே காட்ட வேண்டும். இடப்பக்கத்தில் இரண்டாம் விதியைப் போட்டால் 0 + ச என்ற துண்டு வெளிப்படும். அந்த இடத்தில் கருதுகோளைப் பொருத்தினால் முடிந்தது.

இதில் இயந்திரத்தின் பங்கு கணக்கப்பிள்ளையின் பங்கு. இன்னும் என்ன மீதி இருக்கிறது, எதெல்லாம் கையில் இருக்கிறது என்று எழுதி வைத்தது. தொகுத்தறிதல் வேண்டும் என்று கண்டவர், எதன் மேல் என்று முடிவு செய்தவர், கருதுகோளை எங்கே செருகுவது என்று பார்த்தவர் மாணவர். இதே பாடத்தைத் தாளில் எழுதும்போது நடப்பதோடு ஒப்பிட வேண்டும். ‘ஒரு எண்ணுக்கு உண்மை எனக் கொள்வோம், அடுத்த எண்ணுக்கும் உண்மை என நிறுவுவோம்’ என்ற வாய்பாட்டை எழுதி, நடுவில் நான்கு வரி இயற்கணிதம் போட்டு, ‘தொகுத்தறிதல் கொள்கைப்படி நிறுவப்பட்டது’ என்று முடிக்கும் விடைத்தாள்களில், கருதுகோளை ஓரிடத்திலும் பயன்படுத்தாதவையும் உண்டு. அவற்றுக்கும் பாதிக்கு மேல் மதிப்பெண் விழுகிறது. சிந்திக்காமல் நிரூபணம் எழுத மாணவரை விட்டுவைப்பது இந்த இரண்டில் எது?

கால்குலேட்டர் உவமை இங்கே பொருந்தாது. பொருந்தும் என்றே வைத்துக்கொண்டாலும் அது எதிர்ப்பாளர்கள் எதிர்பார்க்கும் சாட்சியத்தைத் தரவில்லை. ஹெம்ப்ரீ, டெசார்ட் இருவரும் 1986-இல் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நான்காம் வகுப்பில் மட்டும் தொடர்ந்த பயன்பாடு அடிப்படைத் திறனைப் பாதித்ததாகவும், மற்ற வகுப்புகளில் அப்படி இல்லை என்றும் கண்டார்கள். எந்த வயதில் எந்தக் கருவி என்பதற்கு அது ஆதாரம். கருவியே வேண்டாம் என்பதற்கு அல்ல.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. லீனில் இயற்கணிதச் சுருக்கத்தையும் சமனிலிகளையும் ஒரே கட்டளையில் முடித்துத் தரும் தானியங்கி வசதிகள் உண்டு. முதலாண்டு மாணவரிடம் அவற்றைத் திறந்துவிட்டால் எதிர்ப்பாளர்கள் சொல்வதுதான் நடக்கும். அதனால்தான் இயல் எண் விளையாட்டில் அவை பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு விதியை நிறுவிய பிறகுதான் அது கைக்கு வரும். இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. குறிக்கோள் திரையிலிருந்து மறையும் வரை கட்டளைகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பது. முடிந்த பிறகு எப்படி முடிந்தது என்று கேட்டால் பதில் வராது. இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. இயந்திரம் ஏற்ற நிரூபணத்தைத் தாளில், முழு வாக்கியங்களில் திரும்ப எழுதச் சொல்லும் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. லீனைப் பழகிய முதலாண்டு மாணவர்கள் தாளில் எழுதிய நிரூபணங்களை ஆராய்ந்த அத்தினா தோமா, பாவ்லா இயன்னோனே இருவரும், அவற்றில் கணித மொழி துல்லியமாக இருந்ததையும் குறிக்கோள்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததையும் கண்டார்கள். லீனை நாடியவர்கள் விரும்பி வந்த மாணவர்கள் என்பதால் இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனால் மூளை மழுங்கியதற்கு அங்கே அடையாளம் இல்லை.

2. தாளும் பேனாவும் போதுமாக இருந்தனவா?

எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று ‘நிறுவும்’ பழைய குறும்பு ஒன்று உண்டு. உச்சிக் கோணத்தின் இருசமவெட்டியையும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டையும் வரைந்தால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியிலிருந்து இரு பக்கங்களுக்கும் செங்குத்து இறக்க வேண்டும். சர்வசம முக்கோணங்கள் வரிசையாகக் கிடைக்கும்: உச்சியிலிருந்து செங்குத்தின் அடி வரை இரு பக்கத்திலும் ஒரே நீளம், அங்கிருந்து அடிப்பக்க முனை வரையும் ஒரே நீளம். இரண்டையும் கூட்டினால் இரு பக்கங்களும் சமம். ஒவ்வொரு படியும் பாடப்புத்தகத்து நியாயத்தோடு நிற்கிறது. கரும்பலகையில் படத்தோடு போட்டால் நல்ல மாணவர்களும் திகைத்துப் போவார்கள்.

பிழை படத்தில் இருக்கிறது. கையால் வரைபவர் சந்திப்புப் புள்ளியை முக்கோணத்துக்குள்ளே வைத்துவிடுகிறார். ஜியோஜீப்ராவில் இதே உருவத்தை அமைத்து உச்சியை இழுத்துப் பார்த்தால், இரு பக்கங்களும் சமமாக இல்லாத எந்த நிலையிலும் அந்தப் புள்ளி உள்ளே வராது. அது எப்போதும் முக்கோணத்தின் சுற்றுவட்டத்தின் மேல், அடிப்பக்கத்துக்கு அப்பால் நிற்கும். அப்போது ஒரு செங்குத்தின் அடி நீண்ட பக்கத்தின் மேல் விழும். மற்றது குட்டைப் பக்கத்தின் நீட்சியின் மேல் விழும். ஆகவே ஒரு பக்கத்தில் நீளங்களைக் கூட்ட வேண்டும், மறு பக்கத்தில் கழிக்க வேண்டும். சமம் என்ற முடிவு அங்கே உடைந்துபோகிறது. சரிபார்க்கும் மென்பொருளில் இந்த நிரூபணம் இதற்கும் முன்பே நின்றுவிடும். இந்தப் புள்ளி அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுவிட்டு நகராது. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்ற பதிலை அதனிடம் சொல்ல முடியாது.

யூக்ளிடையே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய முதல் நூலின் முதல் தேற்றத்தில், இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்பதற்கு அவருடைய அடிக்கோள்களில் ஆதாரம் இல்லை. ‘இடையில்’ இருப்பது பற்றிய அடிக்கோள்களை டேவிட் ஹில்பர்ட் 1899-இல் முறையாக வகுத்துத் தந்தார். நான்கு நிறத் தேற்றத்துக்கு ஆல்ஃபிரட் கெம்பே 1879-இல் தந்த நிரூபணம் பதினோர் ஆண்டுகள் ஏற்கப்பட்டிருந்தது. 1890-இல் பெர்சி ஹீவுட் அதன் ஓட்டையைக் காட்டினார். கெம்பேயின் முயற்சி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருடைய உத்திதான் பிற்கால நிரூபணத்துக்கும் அடித்தளம். ஆனால் தாளும் பேனாவும் போதுமாக இருந்தன என்ற வாக்கியத்தை வரலாறு ஏற்காது. தாளும் பேனாவும், பிழையைக் கண்டுபிடிக்கும் இன்னொரு கூர்மையான கண்ணும் போதுமாக இருந்தன. அந்தக் கண் ஒரு ஹீவுட்டுக்கு வாய்க்கும். அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு நோட்டுக்கும் எங்கிருந்து வாய்க்கும்? (இந்த விவாதத்தில் இராமானுஜனை இழுப்பவர்களும் உண்டு. நிரூபணம் எழுதாமலே முடிவுகளைக் குறித்துவைத்த மேதையை நிரூபணப் பயிற்சிக்குச் சாட்சியாக அழைப்பது விசித்திரம்.)

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் இந்த வாதத்தின் மறுபக்கம் தெரியும். அடிப்படை விகிதசமத் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவற்றை ‘எழுதி நிறுவுக’ என்று கேட்பது வழக்கம். புத்தகத்தில் உள்ள நிரூபணம் படிக்குப் படி, அமைப்பு, கூற்று, காரணம் என்ற அட்டவணையோடு நெட்டுருப் போடப்படுகிறது. துணைக்கோடு எதற்கு வரையப்பட்டது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவரும் முழு மதிப்பெண் வாங்க முடிகிறது. நிரூபணத்தைக் கணினி தொடாத வகுப்பறை இது. சிந்தனை அங்கே பத்திரமாக இருந்திருந்தால் எதிர்ப்பாளர்களின் அச்சத்துக்கு ஒரு பொருள் இருந்திருக்கும்.

3. உறுதி கிடைக்கும், புரிதல் கிடைக்காது என்பது

இந்த வாதம் 1976-இல் பிறந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஏப்பல், வொல்ஃப்காங் ஹாக்கன் இருவரும் நான்கு நிறத் தேற்றத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளாகப் பிரித்து, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் கணினியை ஓடவிட்டு முடித்தார்கள். எந்த மனிதராலும் முழுவதும் படித்துப் பார்க்க முடியாத நிரூபணம். கணிதவியலர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. ஆனால் அது கணக்கிடும் கருவியின் கதை. ஜார்ஜ் கோந்தியே 2005-இல் அதே தேற்றத்தைக் காக் மென்பொருளில் எழுதி முடித்தபோது நடந்தது வேறு: மனிதர் எழுதிய வாதத்தின் ஒவ்வொரு இணைப்பும், கணக்கிட்ட நிரல் உட்பட, சரிபார்க்கப்பட்டது. தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் தந்த கெப்ளர் ஊகத்தின் நிரூபணத்தைப் பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்தும், 99 விழுக்காடு உறுதி என்றுதான் சொல்ல முடிந்தது. மிச்சத்துக்காக அவரே ஒரு குழுவைத் திரட்டி, 2014-இல் முறைப்படியான சரிபார்ப்பை முடித்தார்.

இவையெல்லாம் உறுதியைத்தானே காட்டுகின்றன, புரிதல் எங்கே என்று கேட்கலாம். அதற்கு நேரடியான பதில் ஜெர்மனியின் பான் நகரத்தில் இருந்து வந்தது. 2018-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பீட்டர் ஷோல்ட்சே, தாமும் டஸ்டின் கிளவுசனும் நிறுவிய ஒரு தேற்றத்தில் தமக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, 2020 டிசம்பரில் அதைச் சரிபார்க்குமாறு சவால் விட்டார். யோஹன் கொம்மெலின் தலைமையில் ஒரு குழு அதை லீனில் எழுதத் தொடங்கியது. கடினமான பகுதி அரை ஆண்டில் முடிந்தது, முழுமையும் 2022 ஜூலையில். அந்த வேலையின் நடுவே, மூல நிரூபணம் நம்பியிருந்த ஒரு கனமான கருவி தேவையே இல்லை, அதைவிட எளிய ஒன்று போதும் என்று கொம்மெலின் கண்டார். நிரூபணத்தை உண்மையில் எது தாங்கி நிற்கிறது என்பது தமக்கு இந்த முயற்சியில்தான் தெளிந்தது என்ற கருத்தை ஷோல்ட்சேயே தெரிவித்தார். ஒரு நிரூபணத்தில் எந்தக் கருதுகோள் எந்த வரியில் வேலை செய்கிறது என்று தெரிவதற்குப் புரிதல் என்று பெயர் இல்லையென்றால், வேறு எதற்கு அந்தப் பெயர்?

வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஒரு கருதுகோளை நீக்கிவிட்டு, நிரூபணம் எந்த வரியில் சிவப்பாகிறது என்று பார்க்கும் பயிற்சியைத் தாளில் தர முடியாது. மென்பொருளில் அது ஒரு நிமிட வேலை.

4. இலக்கணம் படிக்கும் நேரம்

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் உண்மையான கனம் இதற்குத்தான். லீனின் பிழைச் செய்திகள் புதியவரைக் கலங்கடிக்கும். ஒரு பெயரைத் தவறாக அடித்ததற்கும், வாதமே தவறு என்பதற்கும் ஒரே மாதிரியான சிவப்புக் கோடு விழும். பன்னிரண்டு வாரப் பருவத்தில் மூன்று வாரம் இதற்கே போனால் ஆசிரியர் கோபப்படுவது சரியே.

அந்தக் கோபத்தைக் கேட்டுத்தான் கருவிகள் மாறிவருகின்றன. பாரிஸ்-சாக்லே பல்கலைக்கழகத்தின் பத்ரிக் மாசோ, கட்டளைகளுக்குப் பதில் சாதாரண பிரெஞ்சு வாக்கியங்களைப் போலவே எழுத இடம் தரும் அடுக்கு ஒன்றை லீனின் மேல் கட்டினார். பாரிஸில் ஃபிரடெரிக் லெ ரூ உருவாக்கிய மென்பொருளில் தட்டச்சு செய்யவே வேண்டாம். கருதுகோளையும் குறிக்கோளையும் மவுஸால் தேர்ந்தெடுத்தால் போதும். ஆட்டோமேத் பிறந்த அதே ஐந்தோவனில், பகுப்பாய்வுப் பாடத்துக்காக வாட்டர்புரூஃப் என்ற மென்பொருள் காக் மேல் எழுப்பப்பட்டிருக்கிறது. இந்தியாவிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சித்தார்த்த காட்கில் லீனை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்.

செலவான நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகுப்பாய்வில் மாணவர்கள் ஆண்டுதோறும் வழுக்கி விழும் இடம் ஒன்றைப் பார்க்கலாம். தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு வரிசையில் இருக்கிறது. முதலாவதில் புள்ளி முதலில் வரும், டெல்டா பிறகு; ஆகவே டெல்டா அந்தப் புள்ளியைச் சார்ந்திருக்கலாம். இரண்டாவதில் டெல்டா முதலில், புள்ளி பிறகு. வர்க்கச் சார்பு எல்லா மெய்யெண்களிலும் சீரான தொடர்ச்சி உடையது என்று ‘நிறுவும்’ மாணவர், டெல்டாவின் மதிப்பில் புள்ளியையே எழுதிவிடுகிறார். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தருவார். மாணவர் அடுத்த தேர்விலும் அதையே எழுதுவார். லீனில் டெல்டாவைக் கொடுக்க வேண்டிய கட்டத்தில் புள்ளி இன்னும் பிறக்கவே இல்லை. அதன் பெயரை அடித்தால் அப்படி ஒன்று தெரியாது என்று மென்பொருள் சொல்லும். எது எதைச் சார்ந்திருக்கலாம் என்பது அப்போது விரிவுரையின் அறிவுரையாக இல்லாமல், மாணவர் முட்டிக்கொள்ளும் சுவராகிவிடுகிறது. இந்த ஒரு பாடத்துக்கு மூன்று வாரம் கொடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீண் என்று சொல்ல முடியாது.

5. கறார்த்தனம் கருத்தை நசுக்கும் என்பது

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கருத்தும் கறாரும் எதிரிகள் என்று நினைப்பவர்கள் முதலாண்டு மாணவரின் நிரூபணங்களைப் படித்திருக்க மாட்டார்கள். அங்கே பெரும்பாலும் கருத்து இருக்கும், அது எதைச் சொல்கிறது என்பதுதான் இருக்காது. லீனில் 1/0 = 0 என்றும், இயல் எண்களில் 2 − 3 = 0 என்றும் வைத்திருப்பதைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எல்லாச் செயல்களும் எல்லா எண்களுக்கும் ஏதாவது ஒரு மதிப்பைத் தர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இதனால் தவறான தேற்றம் எதுவும் நுழைவதில்லை. ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் 1 என்ற விதியைக் கேட்டால், அந்த எண் பூச்சியம் இல்லை என்று முதலில் காட்டச் சொல்லும். ஆனாலும் பள்ளி மாணவர் முன் இதை விளக்கம் இல்லாமல் வைப்பது தவறு. இந்த அளவுக்கு எதிர்ப்பாளர்கள் சொல்வது சரி.

6. நிரூபணத்தை இயந்திரமே எழுதும் காலத்தில்

2024 ஜூலையில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃபும் ஆல்ஃபாஜியோமெட்ரி 2-உம் சேர்ந்து அந்த ஆண்டின் சர்வதேச கணித ஒலிம்பியாடில் ஆறு வினாக்களில் நான்கைத் தீர்த்து, 42-க்கு 28 புள்ளிகள் பெற்றன. வெள்ளிப் பதக்கத் தகுதி அது. இதைக் காட்டி, இனி வகுப்பறையில் இயந்திரத்துக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்கிறார்கள்.

கதவைச் சாத்தினால் வெளியே நிற்கப்போவது எது என்று அவர்கள் பார்ப்பதில்லை. சரளமாக நிரூபணம் எழுதும் உரையாடல் செயலிகள் மாணவரின் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்காது. அவை எழுதுவது சில நேரம் சரி, சில நேரம் தவறு. இரண்டும் ஒரே தன்னம்பிக்கையோடு, ஒரே அழகான நடையில் வரும். முக்கோணக் குறும்பைப் போல, படிக்கப் படிக்கச் சரியாகத் தோன்றும் பொய் நிரூபணங்களை மாணவர் இனி நாள்தோறும் சந்திப்பார். ஆல்ஃபாபுரூஃபின் விடைகளை நம்ப முடிந்ததே அவை லீனில் எழுதப்பட்டு, லீனால் சரிபார்க்கப்பட்டதால்தான். அதை உருவாக்கியவர்களே சரிபார்ப்பவனை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். மாணவருக்கு மட்டும் அந்தச் சரிபார்ப்பவன் வேண்டாம் என்பது என்ன நியாயம்? விடை தரும் கருவி தடையை மீறி உள்ளே வந்துவிடும். தடைக்குக் கட்டுப்பட்டு வெளியே நிற்பது சோதிக்கும் கருவி மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவு லீன் நிரலையும் எழுதித் தரும், ஆகவே வீட்டுப்பாடத்தை அதுவே செய்துவிடும் என்பது உண்மை. அதனால் கெடுவது வீட்டுப்பாடத்தை மதிப்பிடும் முறை. தாளில் எழுதும் வீட்டுப்பாடமும் அதே அளவுக்குக் கெட்டுப்போய்விட்டது.

7. நம் பள்ளிகளுக்கு ஒத்துவராது என்பது

செலவைக் காரணம் காட்டுவது பழைய பழக்கம். ஜியோஜீப்ராவை வகுப்பில் பயன்படுத்தக் கட்டணம் இல்லை; லீன் திறந்த மூல மென்பொருள். இயல் எண் விளையாட்டை ஆட எந்த மென்பொருளையும் கணினியில் பதிவிறக்கி வைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீட்டோடு ஜியோஜீப்ரா பயிற்சிகள் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. ஆனால் அவை பாடத்தின் ஓரத்தில், படத்தை நகர்த்திப் பார்த்து மகிழ்வதோடு நிற்கின்றன. நகர்த்திப் பார்த்ததிலிருந்து நிரூபணத்துக்குப் போகும் கேள்வி அங்கே இல்லை. எந்த முக்கோணத்துக்கும் பொருந்துகிறது என்று கண்ணால் கண்டுவிட்டால் நிரூபணம் எதற்கு என்று மாணவர் நினைக்கும் அபாயமும் இதில் உண்டு. ஜியோஜீப்ராவைக் கொண்டாடுபவர்கள் இதைப் பேசுவதில்லை.

பள்ளியில் சரிபார்ப்பு மென்பொருளைப் புகுத்த அவசரமும் இல்லை. ஆறாம் வகுப்பு மாணவருக்கு லீன் வேண்டாம். இழுத்துப் பார்க்க ஜியோஜீப்ரா போதும். பதினோராம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் வருகிறது. இயல் எண் விளையாட்டின் கூட்டல் பகுதிக்கு அது இயல்பான இடம். கல்லூரி முதலாண்டில் பகுப்பாய்வும் இயற்கணிதமும் தொடங்கும்போது முழுக் கருவியையும் தானியங்கி வசதிகளைப் பூட்டிவைத்துத் தரலாம். ஒவ்வொரு நிரூபணத்தையும் தாளிலும் எழுதி வாங்கலாம்.

உண்மையான தடை வினாத்தாளில் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள நிரூபணத்தை அப்படியே கேட்கும் தேர்வுக்கு ஜியோஜீப்ராவும் வேண்டாம், லீனும் வேண்டாம், சிந்தனையும் வேண்டாம், நெட்டுரு போதும். அந்த வினாவுக்குப் பதிலாக, பத்து வரி நிரூபணம் ஒன்றை அச்சிட்டு, எந்த வரி முந்தைய வரிகளிலிருந்து கிடைக்கவில்லை, ஏன், எந்தக் கருதுகோளைச் சேர்த்தால் கிடைக்கும் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். அப்படிக் கேட்கத் தேர்வறைக்குள் ஒரு கணினி கூட வேண்டியதில்லை.